‘ஆர்ர புள்ள நீ?’ – வாவிக்கரையின் மூத்தோரும் இளையோரும்

மட்டக்களப்பில் வளர்ந்த எவருக்கும் இந்தக் கேள்வி புதிதல்ல. கோயில் வீதியிலோ, கலியாண வீட்டிலோ, பஸ்ஸிலோ ஒரு மூத்தவரின் அருகில் போய் அமர்ந்தால் முதலில் வருவது இதுதான்: “ஆர்ர புள்ள நீ?” தகப்பன் பெயரைச் சொன்னால் போதாது. “தாய் ஆரு? தாய்ர தாய் ஆரு? எந்த ஊரு?” என்று கேள்வி நீளும். பத்து நிமிடத்துக்குள் அவருக்கும் நமக்கும் ஏதோவொரு உறவு கண்டுபிடிக்கப்பட்டுவிடும்.

பாடசாலை நாட்களில் இக்கேள்வி எங்களுக்கு எரிச்சலூட்டியது. இன்று எங்களில் பலர் வைத்தியர்களாகவும் ஆசிரியைகளாகவும் வங்கி உத்தியோகத்தர்களாகவும் நாற்பதுகளைக் கடந்துகொண்டிருக்கிறோம். இப்போது கிளினிக்கில் எண்பது வயதுத் தாய் ஒருவர், இரத்த அழுத்தம் பார்க்கும்போது எங்கள் கையைப் பிடித்துக்கொண்டு அதே கேள்வியைக் கேட்கிறார். எந்தப் பள்ளிக்கூடம் என்றும் கேட்கிறார். நமது கல்லூரியின் பெயரைச் சொன்னதும் முகம் மாறுகிறது. “நானும் அங்கதான் படிச்ச. எந்த இல்லம் நீ?” என்கிறார். மருந்துச் சீட்டைக்கூட மறந்துவிடுகிறார். வரிசையில் இன்னும் நாற்பது பேர் காத்திருப்பதால் அவரது கதையைக் கேட்க எங்களுக்கு நேரம் இருப்பதில்லை. அடுத்த மாதம் அவர் வராமலே போய்விடுவதும் உண்டு.

சங்கத்தின் நூற்றாண்டு மலருக்குக் கட்டுரை ஒன்று தருமாறு கேட்கப்பட்டபோது எங்களுக்கு முதலில் நினைவுக்கு வந்தது இந்தக் காட்சிதான். இந்த வாவிக்கரையில் மூத்தோரும் இளையோரும் எவ்வாறு இணைந்திருந்தார்கள், அந்த இணைப்பு எங்கே அறுந்தது, எங்கே மீண்டும் முடியப்பட்டது என்பதைச் சுருக்கமாக எழுதிப் பார்க்கிறோம்.

வளவும் வயிற்றுவாரும்

மட்டக்களப்புப் பிரதேசத்தின் குடிமுறை தாய்வழியானது. பிள்ளை தாயின் குடியைச் சேரும். தாயின் வயிற்றுவாரே குடும்பத்தின் நூல். இந்தப் பக்கத்துச் சொத்துரிமை வழக்கங்களை ‘முக்குவர் சட்டம்’ என்ற பெயரில் கிறிஸ்தோபர் பிரிட்டோ 1876 இல் நூலாக வெளியிட்டார். வழக்குமன்றத்தில் அச்சட்டம் வழக்கொழிந்து போனாலும், வீட்டில் அதன் சாரம் நிலைத்தது. பெண்ணுக்கு வீடும் வளவும் சீதனமாகக் கொடுக்கப்படும். மாப்பிள்ளை பெண் வீட்டுக்கு வருவார். மூத்த மகளுக்கு வீட்டைக் கொடுத்த பெற்றோர், அதே வளவிலோ அயலிலோ இன்னொரு வீட்டைக் கட்டி இளைய பெண்களுடன் அங்கு போவார்கள். காத்தான்குடி, ஏறாவூர் முஸ்லிம் குடும்பங்களிலும், தெற்கே அக்கரைப்பற்று வரையிலும் இதே வழக்கம்தான்.

இதன் விளைவை நாம் பெரிதாக எண்ணிப் பார்ப்பதில்லை. அம்மம்மா, அம்மா, பெரியம்மா, சின்னம்மா, அவர்கள் பிள்ளைகள் எல்லாரும் ஒரே வேலிக்குள், அல்லது ஒரு கடவலைக்கு அப்பால் இருந்தார்கள். வயதானவரைப் பார்த்துக்கொள்வது தனியொரு கடமையாக எவருக்கும் தோன்றவில்லை. பிள்ளைப்பேறு, பூப்பு, கலியாணம், சாவு எல்லாவற்றிலும் என்ன செய்ய வேண்டும் என்று சொல்லத் தெரிந்தவர் பக்கத்து வீட்டிலேயே இருந்தார். பிறந்த குழந்தையை வாழ்த்தி மருத்துவிச்சி பாடும் பாடல்கூட இந்த மண்ணில் உண்டு. பிரசவ விடுதியில் வேலை செய்த எங்களுக்கு அப்பாடலைப் பற்றித் தெரிந்தது புத்தகத்தில் வாசித்துத்தான். பாடக்கூடிய ஒருவரை நாங்கள் நேரில் கண்டதில்லை.

வைகாசியில் கண்ணகியம்மன் கோயில்களில் குளிர்த்திச் சடங்கு நடக்கும்போது கண்ணகி வழக்குரை படிக்கப்படுவதை எல்லாரும் அறிவோம். படிப்பவர் மூத்தவர், பக்கத்தில் இருந்து கேட்டுக் கேட்டு இராகம் பிடிப்பவர் இளையவர். சில ஆண்டுகள் கழித்து இளையவர் படிப்பார், மூத்தவர் கேட்பார். ஏட்டில் எழுத்து இருந்தது. அதை எப்படிப் படிப்பது என்பது மூத்தவரின் தொண்டையில் இருந்தது.

களரியில் நடந்த பாடம்

மூத்தோரிடம் இளையோர் கற்பதற்கு மட்டக்களப்பு தந்த மிகச் சிறந்த பள்ளிக்கூடம் கூத்துக் களரி. வடமோடியாயினும் தென்மோடியாயினும் ஒரு கூத்தைப் பழகி முடிக்கப் பல மாதங்கள் எடுக்கும். சட்டங் கொடுத்தலில் தொடங்கி, இரவிரவாக ஆட்டமும் பாட்டும் பழகி, சதங்கை அணிந்து, அடுக்குப் பார்த்து, கடைசியில் களரியேறுவார்கள். அண்ணாவியார் மத்தளத்தின் முன்னால் நின்று தாளக்கட்டைச் சொல்லிக் கொடுப்பார். பகலில் வயலிலும் வாவியிலும் வேலை செய்த இளைஞர்கள் இரவில் அவரிடம் அடியும் ஏச்சும் வாங்கிப் பழகினார்கள். களரியைச் சுற்றிப் பாயில் இருந்த கிழவர்களுக்குக் கூத்து மனப்பாடம். பிழைவிட்டால் அங்கிருந்தே திருத்துவார்கள்.

இந்தப் பள்ளிக்கூடம் 1950களின் பின் மெல்லத் தளர்ந்தது. சினிமா வந்தது; படித்த பிள்ளைகளுக்குக் கூத்து நாட்டுப்புறத்தானின் பொழுதுபோக்காகத் தெரிந்தது. அந்த வேளையில்தான் பேராசிரியர் சு. வித்தியானந்தன் பேராதனைப் பல்கலைக்கழகத்தில் ஒரு காரியம் செய்தார். மட்டக்களப்பின் அண்ணாவியாரிடம் பல்கலைக்கழக மாணவர்களைக் கூத்துப் பழக வைத்தார். விடிய விடிய ஆடப்படும் கூத்தைச் சுருக்கி, படச்சட்ட மேடைக்கு ஏற்றவாறு ‘கர்ணன் போர்’ 1962 இல் அரங்கேறியது. ஆட்டம் பழக்கியவர் வந்தாறுமூலைச் செல்லையா அண்ணாவியார். தொடர்ந்து ‘நொண்டி நாடகம்’, ‘இராவணேசன்’, ‘வாலி வதை’ என்பன வந்தன. பட்டப்படிப்புப் படிக்கும் பிள்ளைகள், பட்டம் எதுவும் இல்லாத ஒரு முதியவரைக் குருவாக ஏற்று அவர் சொற்படி கால் வைத்தார்கள். கூத்துக்குக் கிடைத்த மதிப்பைவிட, அந்த முதியவருக்குக் கிடைத்த மதிப்பே எங்களுக்குப் பெரிதாகப் படுகிறது.

அந்த மாணவர்களுள் ஒருவர் அமிர்தகழியைச் சேர்ந்த சி. மௌனகுரு. பின்னாளில் பேராசிரியராகி மட்டக்களப்பு மரபுவழி நாடகங்களையே தமது கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தார். கிழக்குப் பல்கலைக்கழகத்தில் அடுத்த தலைமுறைக்கு அதைக் கற்பித்தார். அண்ணாவியாரிடம் பழகிய இளைஞரே முதியவராகி, தாம் வாங்கியதைத் திருப்பிக் கொடுத்தார்.

2000களின் தொடக்கத்தில் சீலாமுனைக் கிராமத்தில் சி. ஜெயசங்கரும் ‘மூன்றாவது கண்’ குழுவினரும் வேறொரு வழியில் போனார்கள். கூத்தை ஊரை விட்டு மேடைக்குக் கொண்டுவராமல், ஊருக்குள்ளேயே வைத்து மீளுருவாக்கம் செய்தார்கள். பெண்களையும் சாதியையும் பற்றிப் பழைய பனுவல் சொல்வது இன்றைக்குப் பொருந்துமா என்று அண்ணாவியாரும் இளைஞரும் ஊரவரும் ஒன்றாக இருந்து பேசினார்கள். மூத்தவர் சொன்னால் மறுபேச்சில்லை என்று இருந்த இடத்தில் மறுபேச்சுக்கும் இடம் கிடைத்தது. பெண்களாகிய எங்களுக்கு இது முக்கியம். எங்கள் அம்மம்மாமார் கூத்தைப் பாயில் இருந்து பார்த்தவர்கள். களரியில் பெண் பாத்திரத்தையும் ஆண்களே ஆடினார்கள். இன்று பெண் பிள்ளைகள் சதங்கை கட்டுகிறார்கள். மரபைக் கற்பதென்றால் அதன் எல்லாவற்றுக்கும் தலையாட்டுவதல்ல என்பதற்கு இது சாட்சி.

ஒரு மொழி மெலிந்த கதை

இணைப்பு அறுந்தால் என்ன நடக்கும் என்பதையும் மட்டக்களப்பு காட்டியிருக்கிறது. போர்த்துக்கேயர் 1628 இல் புளியந்தீவில் கோட்டை கட்டினார்கள். 1638 இல் ஒல்லாந்தர் அதைப் பிடித்துக்கொண்டார்கள். பத்தே ஆண்டு இருந்து போனவர்களின் மொழி, நமது பறங்கியர் வீடுகளில் முந்நூறு ஆண்டுக்கு மேல் உயிரோடு இருந்தது. நம்மோடு படித்த பறங்கிப் பிள்ளைகளை நினைத்துப் பாருங்கள். அவர்களின் தாத்தா பாட்டிமார் தமக்குள் அந்தப் போர்த்துக்கேய மொழியில் பேசுவார்கள். பிள்ளைகள் தமிழில் பதில் சொல்வார்கள். நாங்கள் அதை வேடிக்கையாகப் பார்த்தோம். அது ஒரு மொழி குறுகிப்போகும் காட்சி என்று எங்களுக்கு அப்போது தெரியவில்லை.

1970களில் இயன் ஸ்மித் என்ற மொழியியலாளர் அம்மொழியை இங்கு வந்து ஆராய்ந்தார். அண்மைக் காலத்தில் லிஸ்பன் பல்கலைக்கழகத்தின் ஹியூகோ கார்டோசோ முதியவர்களின் பேச்சையும் பாட்டையும் ஒலி, ஒளிப் பதிவாக்கினார். இது நல்ல வேலை. ஆனால் எங்கோ ஒரு தேசத்தில் இருந்து ஆள் வந்து பதிவுசெய்யும் வரைக்கும், அதே வாங்கில் அருகருகே இருந்த நாங்கள் ஒரு சொல்லையாவது கேட்டு எழுதிவைக்கவில்லை.

நூல் அறுந்த ஆண்டுகள்

எங்கள் தலைமுறை பிறந்த காலத்தை எண்ணிப் பார்த்தால் எல்லாம் அழிவுகளால் அளக்கப்பட்டிருப்பது தெரியும். 1978 நவம்பர் 23 சூறாவளி நாங்கள் பிறப்பதற்குச் சற்று முன்னர் வந்தது. தென்னைகள் எல்லாம் சரிந்து, கூரையில்லாத வீடுகளில் நாங்கள் பிறந்தோம். அந்த இரவைப் பற்றி அம்மம்மாமார் சொன்ன கதைதான் எங்களில் பலருக்கு முதற் கதை.

1990 ஜூனில் எங்களுக்குப் பத்து வயது. ஊர்கள் ஓடின. வந்தாறுமூலை வளாகம் அகதி முகாமானது. ஓட முடியாத முதியவர்கள் வீட்டையும் மாட்டையும் பார்த்துக்கொண்டு பின்தங்கினார்கள். சிலரை நாங்கள் மறுபடி காணவில்லை. அதே ஆண்டு ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்தவர்கள் கொல்லப்பட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் பிட்டும் தேங்காய்ப்பூவும் போல என்று எங்கள் மூத்தோர் சொல்வது வழக்கம். அந்தக் காலத்தை வாழ்ந்து பார்த்தவர்கள் அவர்கள். வயல் வேலைக்கு ஒன்றாகப் போனதும், பெருநாளுக்கும் பொங்கலுக்கும் பண்டம் மாறியதும், கொடுக்கல் வாங்கலுக்குக் கடதாசி எழுதாததும் அவர்களுக்கு நினைவிருக்கிறது. எங்களுக்கு நினைவிருப்பது சோதனைச் சாவடியும் பயமும்தான். எங்கள் பிள்ளைகளுக்கு இரண்டும் இல்லை. மூத்தோர் போய்விட்டால், ஒன்றாக வாழ முடியும் என்பதைக் கண்ணால் கண்ட சாட்சியும் போய்விடும். மொழியையும் கூத்தையும்விட இந்த இழப்பை நினைத்தே நாங்கள் அதிகம் அஞ்சுகிறோம்.

2004 டிசம்பர் 26 இல் நாவலடி, கல்லடி, டச்பார்க் கரைகளைக் கடல் அள்ளிக்கொண்டு போயிற்று. பெண்களும் குழந்தைகளும் முதியோருமே கூடுதலாக இறந்தார்கள் என்பதை அம்பாறை மாவட்டத்து முகாம்களில் செய்யப்பட்ட ஆய்வு உறுதிப்படுத்தியது. பல வீடுகளில் பேரப்பிள்ளை மட்டும் மிஞ்சியது. அல்லது அம்மம்மா மட்டும் மிஞ்சினார்.

இவற்றோடு இன்னொன்றும் நடந்தது. அதற்குப் புயலையும் போரையும் மட்டும் குறை சொல்ல முடியாது. நாங்கள் போனோம். கொழும்புக்கு, லண்டனுக்கு, ரொறொன்ரோவுக்கு, மெல்பேர்ணுக்கு. படிப்புக்குப் போனவர்கள் சிலர், உயிருக்குப் பயந்து போனவர்கள் சிலர். வசதி குறைந்த வீடுகளில் தாய்மார் மத்திய கிழக்குக்கு வேலைக்குப் போக, பிள்ளைகளை அம்மம்மாமார் வளர்த்தார்கள். மகளுக்கென்று கட்டிய வீட்டில், மகள் இல்லாமல் தாய் தனியே இருப்பது இன்று மட்டக்களப்பில் சாதாரணம். தாயையும் மகளையும் ஒரே வளவில் வைத்திருந்த அதே வழக்கம், இப்போது தாயை ஒரு வெறும் வீட்டுக்குக் காவலாக விட்டிருக்கிறது.

கிளினிக்கில் தெரிவது

இலங்கையில் அறுபது வயதுக்கு மேற்பட்டோர் 1981 குடிசன மதிப்பீட்டில் 6.6 வீதம், 2012 இல் 12.4 வீதம். 2000 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் முதியோரின் உரிமைகளைப் பாதுகாக்கிறது. பிள்ளைகள் கவனியாவிட்டால் பராமரிப்புச் சபைக்கு முறையிடலாம். தேவையான சட்டம்தான். ஆனால் எங்களிடம் வரும் தாய்மாருக்கு முறையிட எதுவுமில்லை. பிள்ளைகள் காசு அனுப்புகிறார்கள், நாள் தவறாமல் கோல் எடுக்கிறார்கள். இல்லாதது பேச்சுத்துணை.

‘மறதி’ என்று அழைத்துவரப்படும் முதியவர் எல்லாருக்கும் மறதி நோய் இல்லை. சிலருக்குக் காது கேட்பதில்லை, சிலருக்குக் கண்ணில் வெண்புரை, சிலருக்கு மனச்சோர்வு. லான்செட் மருத்துவ இதழின் ஆணைக்குழு 2024 இல் மறதி நோய்க்கு வழிவகுக்கும், ஆனால் மாற்றக்கூடிய 14 காரணிகளைப் பட்டியலிட்டது. செவிப்புலன் குறைவும், பார்வைக் குறைவும், தனிமைப்படுதலும் அவற்றுள் உண்டு. முதல் இரண்டுக்கும் நாங்கள் துண்டு எழுதிக் கொடுக்கலாம். மூன்றாவதற்கு எந்தப் பாமசியிலும் மருந்து இல்லை.

சிம்பாப்வேயின் ஹராரே நகரில் மனநல வைத்தியர் டிக்சன் சிபாண்டா 2006 இல் பாட்டிமாரையே பயிற்றுவித்து, சுகாதார நிலைய முற்றத்து வாங்கில் அமர்த்தினார். மனம் நொந்து வருபவர்கள் அவர்களிடம் பேசினார்கள். பலன் உண்டென்று 2016 இல் வெளியான ஆய்வு காட்டியது. அமெரிக்காவின் ஜோர்ஜியா மாநிலத்தில் ஒரு மலைநாட்டுப் பாடசாலை மாணவர்கள் 1966 இல் தமது ஊர் முதியவர்களிடம் கேட்டு எழுதி ‘ஃபொக்ஸ்ஃபயர்’ என்ற சஞ்சிகையை வெளியிட்டார்கள். 1972 இல் அது நூலாகவும் வந்து பெயர் பெற்றது. இரண்டிலும் முதியவர் உதவி பெறுபவராக மட்டும் வைக்கப்படவில்லை. கொடுப்பதற்கு அவரிடம் ஒன்று இருந்தது. அதைக் கேட்டு ஆள் வந்தது.

நம் நாட்டில் ஒக்டோபர் 1 சிறுவர் தினமும் முதியோர் தினமும் ஆகும். ஒரே நாள். ஆனால் பாடசாலையில் பிள்ளைகளுக்கு இனிப்பு, பிரதேச செயலகத்தில் முதியோருக்குப் பொன்னாடை என்று இரண்டும் இரண்டு மண்டபங்களில் நடக்கின்றன.

நாங்கள் தள்ளிப்போட்ட ஒரு சந்திப்பு

இதை எழுதும் தகுதி எங்களுக்கு முழுதாக இல்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எங்களுக்குக் கற்பித்த ஆசிரியை ஒருவர் இதே கல்லூரியில் படித்து, இங்கேயே கற்பித்து, இங்கேயே ஓய்வு பெற்றவர். படுவான்கரையில் இருந்து பாதையில் வாவியைக் கடந்து வந்து விடுதியில் தங்கிப் படித்த கதையை வகுப்பில் துண்டு துண்டாகச் சொல்வார். மணி அடித்ததும் கதை நின்றுவிடும். மிச்சத்தை ஒருநாள் வீட்டுக்குப் போய்க் கேட்டுப் பதிவுசெய்வோம் என்று எங்கள் வகுப்பு வட்ஸ்அப் குழுவில் முடிவு செய்தோம். கனடாவில் இருப்பவர்கள் வரட்டும், பள்ளி விடுமுறை வரட்டும் என்று இரண்டு வருடம் போயிற்று. கடைசியில் நாங்கள் ஆறு பேர் போனபோது டீச்சருக்கு எங்களைத் தெரியவில்லை. கையைப் பிடித்துக்கொண்டு, “ஆர்ர புள்ளைகள் நீங்க?” என்று மட்டும் திரும்பத் திரும்பக் கேட்டார். எங்களில் மூன்று பேர் வைத்தியர்கள். அந்த இரண்டு வருடத்தில் அவருக்கு என்ன நடந்துகொண்டிருந்தது என்பதைப் படித்தவர்கள். ஆயினும் போகவில்லை.

மண்முனையில் 2014 இல் பாலம் திறக்கப்பட்டதோடு அந்தத் துறையின் பாதைக்கும் வேலை முடிந்தது. டீச்சரின் கதையின் மிச்சம் எங்களிடம் இல்லை.

சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள்

நமது சங்கமும் 1924 இல் கட்டப்பட்ட பழைய கல்லடிப் பாலமும் ஏறக்குறைய ஒரே வயதின. பக்கத்தில் 2013 இல் புதிய பாலம் வந்தபோதும் பழையதை யாரும் இடித்துவிடவில்லை. மாலையில் மக்கள் அதில் நடக்கிறார்கள். சங்கத்திலும் மூத்தோருக்கும் இளையோருக்கும் இடம் இருக்கிறது. ஆனால் பொதுக்கூட்டத்தில் மூத்தோர் முன்வரிசையில், இளையோர் பின்வரிசையில், நடுவில் பேச்சில்லை.

எனவே இந்த நூற்றாண்டில் மண்டபமோ நினைவுக்கல்லோ கட்டுவதற்கு முன்னர் ஒன்றைச் செய்வோம். எழுபத்தைந்து வயதைக் கடந்த ஒவ்வொரு பழைய மாணவியிடமும், இப்போது கல்லூரியில் படிக்கும் இரண்டு பிள்ளைகள் போகட்டும். ஒரு தடவை அல்ல, தவணைக்கு இரண்டு தடவை. கேட்டதை எழுதி, குரலைப் பதிவுசெய்து, ஒரு பிரதியைக் கல்லூரி நூலகத்திலும் ஒன்றை அந்தக் குடும்பத்திடமும் கொடுக்கட்டும். தமிழ்ப் பிள்ளையும் முஸ்லிம் பிள்ளையும் பறங்கிப் பிள்ளையும் கலந்து போகட்டும். வெளிநாட்டில் இருப்பவர்கள் தங்கள் ஊரில் உள்ள மூத்த மாணவியிடம் போகலாம். ரொறொன்ரோவின் தொடர்மாடியிலும் லண்டனின் புறநகரிலும் நமது அக்காமார் தனியே இருக்கிறார்கள்.

போகும் பிள்ளைகளுக்கு வைத்தியர் என்ற முறையில் சில வார்த்தைகள். காலையில் போங்கள், மாலையில் முதியவர்கள் களைத்துவிடுவார்கள். முகம் தெரிய, வெளிச்சத்தில், நல்லாகக் கேட்கும் காதுப் பக்கமாக இருங்கள். உரத்துக் கத்தாமல், நிறுத்தி நிறுத்திப் பேசுங்கள். பழைய படம் ஒன்றைக் கொண்டு போனால் பத்துக் கேள்விக்குச் சமம். ஆண்டு பிழைத்தால் திருத்த வேண்டாம். அதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம். அழுதால் பதிவை நிறுத்திவிட்டு அருகில் இருங்கள். சொல்ல விரும்பாததைத் தோண்ட வேண்டாம்; இந்த மண்ணில் எல்லாரிடமும் அப்படி ஒன்று உண்டு. பள்ளிக்கு எப்படி வந்தீர்கள், பகலுக்கு என்ன சாப்பிட்டீர்கள், பக்கத்தில் யார் இருந்தார் என்று தொடங்குங்கள். “பக்கத்தில் யார் இருந்தார்” என்ற கேள்வியில் 1950களின் மட்டக்களப்பு முழுவதும் வெளியே வரும்.

முக்கியமாக, உங்கள் கதையையும் சொல்லுங்கள். அவர்கள் கேட்கக் காத்திருக்கிறார்கள். “ஆர்ர புள்ள நீ?” என்று கேட்டால் எங்களைப் போல எரிச்சற்படாமல், தாயின் பெயரையும் தாயின் தாயின் பெயரையும் சொல்லுங்கள். தெரியாவிட்டால் வீட்டுக்குப் போய் முதலில் அதைக் கேட்டு வாருங்கள்.

அன்புப் பழைய மாணவியரே, இம்மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் வகுப்பில் நாங்கள் ஆறு பேர், எஞ்சியிருக்கும் இரண்டு மூத்த ஆசிரியைகளைச் சந்திக்கத் தொடங்கியிருப்போம். இம்முறை விடுமுறைக்குக் காத்திருக்கவில்லை. உங்கள் வகுப்பில் யார் போகிறீர்கள்?